வாடகை பாக்கி, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. வீடு வைத்திருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டா?

லைன்வீட்டு_அக்கா

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் பக்கம் இருக்கிறேன். என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார், அவர் இருந்த காலத்தில் சீட்டுப் பணம், என் நகை எல்லாம் போட்டு நான்கு லைன் வீடு கட்டினோம். அவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. ஒன்றில் நானும் மகளும் இருக்கிறோம், மற்ற மூன்றையும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு 4,000 ரூபாய். அதுதான் எங்கள் சாப்பாடு, மகளின் கல்லூரி பஸ் கட்டணம், வீட்டு வரி எல்லாமே.

மூன்றாவது வீட்டில் இருப்பவர் எட்டு மாதமாக வாடகை தரவில்லை. 32,000 ரூபாய். அவர் கொடுத்த அட்வான்ஸ் 10,000, அதையும் மேலே சிமெண்ட் ஷீட் மாற்றச் செலவழித்துவிட்டேன். கேட்டால் அடுத்த வாரம் என்கிறார், இப்போது கொஞ்ச நாளாகக் கதவைத் திறப்பதே இல்லை. காவல் நிலையத்துக்குப் போனேன், சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வக்கீலைப் பார்த்தேன், முதலில் 25,000 கட்டுங்கள் என்றார். 32,000 வாங்க 25,000 செலவழிப்பதா? அதுவும் என்னிடம் இல்லை.

இலவச வக்கீல் தருவார்கள் என்று மகள் சொன்னாள். ஆனால் கோர்ட் வாசலில் ஒருவர், சொந்த வீடு வைத்திருக்கிறவங்களுக்கு எல்லாம் எப்படிம்மா இலவசம் என்று கேட்டார். கூனிக்குறுகி வந்துவிட்டேன். உண்மையிலேயே எங்களுக்குக் கிடையாதா? 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத ஒப்பந்தம் இருக்கிறது, அது முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

மேட்டூர்_தம்பி

அக்கா, இதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போனால் உங்கள் மகள் கல்யாணமே முடிந்துவிடும். எங்கள் ஊரில் ஒருவர் ஃபியூஸைப் பிடுங்கினார், தண்ணீர்க் குழாயை அடைத்தார், நான்கே நாளில் காலி. இல்லையென்றால் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டுப் போடுங்கள். ஏரியாவில் பேசி முடித்துக் கொடுக்க ஆள் இருப்பார்கள், அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

நீதிமன்றவாசல்

தம்பி சொன்ன மூன்றில் ஒன்றையும் செய்துவிடாதீர்கள் அக்கா. நான் சட்டத் தன்னார்வலராக ஒன்பது வருடமாக இருக்கிறேன், இந்தப் பூட்டுப் போட்ட கதைகள் எப்படி முடிகின்றன என்று பார்த்திருக்கிறேன். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவதை 2017 வாடகைச் சட்டமே தடுக்கிறது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து இணைப்பைத் திரும்ப வாங்கலாம், உங்களிடம் நஷ்ட ஈடும் கேட்கலாம். பூட்டுப் போட்டால் உள்ளே பத்து பவுன் இருந்தது என்று புகார் வரும். இதுவரை நியாயம் உங்கள் பக்கம். பூட்டுப் போட்ட நிமிடம் நீங்கள்தான் எதிரி. கட்டப்பஞ்சாயத்து ஆட்களைக் கூப்பிட்டால் அந்த 32,000-இல் பாதி அவர்களுக்கு, அப்புறம் அவர்களை வாசலிலிருந்து அனுப்புவது தனி வேலை.

இப்போது உங்கள் கேள்வி. உண்டு. அந்த வாசலில் நின்றவர் சொன்னது தவறு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு யாருக்கு இலவச உதவி என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானமே பார்க்கத் தேவையில்லை. இதில் எதிலும் வராதவர்களுக்குத்தான் வருமான வரம்பு, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குள். நீங்கள் பெண். அவ்வளவுதான் தகுதி. வீடு இருக்கிறதா, எத்தனை வீடு, வாடகை வாங்குபவரா கொடுப்பவரா என்ற கேள்வியே அந்தப் பிரிவில் கிடையாது.

அப்படியே வருமானத்தைக் கணக்குப் பார்த்தாலும் மூன்று வீட்டு வாடகையும் ஒழுங்காக வந்தால்கூட வருடத்துக்கு 1,44,000 தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

லைன்வீட்டு_அக்கா

படித்ததும் அழுகை வந்துவிட்டது சார். அந்த ஆள் கேட்ட விதத்தில், ஏதோ பிச்சைக்குப் போன மாதிரி இருந்தது. எங்கே போக வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

நீதிமன்றவாசல்

பிச்சை இல்லை அக்கா, உரிமை. ஏழ்மையால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே 39அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், 1976-இல். அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால் 39அ என்று சொல்லுங்கள்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். மாவட்டத் தலைநகர் தூரம் என்றால் உங்கள் தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அங்கேயும் மனுக் கொடுக்கலாம். வாசலில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், நேரே போர்டைப் பார்த்து உள்ளே போங்கள். போவதற்கு முன் 15100-க்குப் போன் செய்தும் கேட்டுக்கொள்ளலாம், அது கட்டணமில்லா எண்.

மனு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால்கூட அங்கே எழுதிக்கொள்வார்கள். உங்கள் ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ரசீது, அந்தப் பழைய 20 ரூபாய் பத்திரம், வாடகை வாங்கியதற்கு என்ன ஆதாரம் இருக்கிறதோ அது. ஜிபேயில் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதி வைத்திருந்தால் அந்த நோட்டு. கடைசியாக எந்த மாதம் எவ்வளவு வந்தது, எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள், இது ஒன்று இருந்தால் உங்கள் பாதி நேரம் மிச்சம்.

வருமான வரம்பில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: வருமானத்துக்கு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே போதும் என்றுதான் 13-ஆவது பிரிவு சொல்கிறது, சந்தேகப்படக் காரணம் இருந்தால்தான் மேலே கேட்க வேண்டும். ஆனாலும் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டாவது நடை மிச்சமாகும்.

கீழ்வீட்டுக்காரி

நான் வாடகைக்கு இருப்பவள், அதனால் இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். 2021-இல் எனக்கும் ஐந்து மாதம் பாக்கி விழுந்தது. அப்போது நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் கதவில் புதுப் பூட்டு. பையனின் புத்தகம், என் மாத்திரை எல்லாம் உள்ளே. இரண்டு ராத்திரி அக்கா வீட்டில் படுத்தோம். பாக்கி வைத்தது என் தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டைப் பார்த்தபோது இருந்த அவமானம் இன்னும் போகவில்லை, அதனால்தான் மேட்டூர் தம்பி எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது.

லைன்வீட்டு அக்கா, அவர் ஏன் தரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? குறை சொல்லக் கேட்கவில்லை. என்னிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் நான் மாதம் ஆயிரமாவது கொடுத்திருப்பேன்.

லைன்வீட்டு_அக்கா

உங்களுக்கு நடந்ததைப் படித்து ரொம்ப வருத்தமாக இருந்தது தங்கச்சி. அவர் ஓவர்லாக் டெய்லர். ஆர்டர் குறைந்து ஷிப்டு குறைத்துவிட்டார்கள் என்று ஆரம்பத்தில் சொன்னார், அது எனக்கும் தெரியும், இங்கே எல்லா வீட்டிலும் அதே பேச்சுதான். மூன்று மாதம் நானே கேட்கவில்லை. அப்புறம் கேட்டபோது சத்தம் போட்டார், அதிலிருந்து நானும் சரியாகப் பேசவில்லை. ஆனால் எனக்கும் மாதம் பிறந்தால் 4,000 குறைகிறதே, கடையில் நானும் கடன் சொல்லித்தான் நிற்கிறேன்.

மேட்டூர்_தம்பி

கீழ்வீட்டு அக்கா, மன்னித்துவிடுங்கள். நான் அந்தப் பக்கத்தை யோசித்துப் பார்க்கவே இல்லை.

இளம்_வழக்கறிஞர்

கொஞ்சம் சட்டம் சொல்கிறேன், ஏனென்றால் 11 மாத ஒப்பந்தம் என்றதும் எல்லோரும் அதே தவற்றில் இருக்கிறோம்.

11 மாதம் என்பது பழைய பழக்கம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் அதைத் தவிர்க்க எல்லோரும் 11 மாதம் போட்டார்கள். ஆனால் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 22.02.2019 முதல் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 என்று நீளமான பெயர். இதன்படி நகர்ப்புறங்களில் எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை மாதமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. ஆன்லைனிலேயே பதியலாம். இதைச் செய்யாமல் 20 ரூபாய் பத்திரத்தைப் பீரோவில் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும்.

பதிவு இருந்தால் இரண்டு மாத வாடகை பாக்கி என்பதே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம், இந்தச் சட்டத்தின் 21(2)(ஆ) பிரிவு. அதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும், அதற்குள் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். பதிவு இல்லையென்றால் வாடகை பாக்கி என்ற காரணத்தைக் கொண்டு போவது சிக்கல், அதற்குப் பதிலாக ஒப்பந்தம் போடப்படவில்லை என்பதையே காரணமாக வைத்து 21(2)(அ)-வில் மனுப் போடுவதுதான் நடைமுறையில் நாங்கள் செய்வது. ஆகவே அக்கா, கதவு மூடிவிடவில்லை, வேறு கதவு வழியாகப் போக வேண்டும். இதற்கென்று வாடகை நீதிமன்றம் தனியாக இருக்கிறது, சாதாரண சிவில் வழக்கு மாதிரி இழுக்கக் கூடாது என்பதற்காகவே சுருக்கமான விசாரணை முறை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பாக்கியைக் கேட்டு வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடம். எந்த மாத வாடகை பாக்கியானதோ அந்த மாதத்திலிருந்து. எட்டு மாதம்தான் ஆகிறது என்பதால் உங்களுக்கு அவசரம் இல்லை, ஆனால் பாவம் பார்த்து வருடக்கணக்கில் விடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மொட்டைமாடி

சென்னை, புழல் பக்கம். எனக்கு 68 வயது, ஆண், பொதுப்பிரிவு. மேலே ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன், 6,500 வருகிறது, அது தவிர ஒரு சிறிய ஓய்வூதியம். குடியிருப்பவர் பத்து வருடமாக இருக்கிறார், பன்னிரண்டு வருடம் ஆனால் வீடு அவருக்கே சொந்தம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என் மாதிரி ஆளுக்கும் இலவச வக்கீல் உண்டா? இல்லை மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்டிஓவிடம் (கோட்டாட்சியர்) மனுக் கொடுக்கலாமா?

இளம்_வழக்கறிஞர்

ஐயா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்கள் சம்மதத்தில் வாடகைக்கு வந்தவர் பன்னிரண்டு இல்லை, முப்பது வருடம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். எதிரிடை அனுபவம் என்று சொல்வது உரிமையாளரை எதிர்த்து, அவர் உரிமையை மறுத்து இடத்தைப் பிடித்து வைத்திருப்பது. வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவர், குடித்தனம் நீடிக்கும்வரை, நீங்கள் உரிமையாளரே இல்லை என்று சொல்லவே சட்டம் விடாது. ஆனால் வாடகை வாங்கிய ஆதாரத்தை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள், கையில் வாங்கினால் ரசீது போட்டு அடிக்கட்டையில் கையெழுத்து வாங்குங்கள்.

மூத்த குடிமக்கள் சட்டம் வேறு விஷயம் ஐயா. அது பிள்ளைகளும் சொத்துக்கு வாரிசான உறவினர்களும் கவனிக்காமல் விட்டால் ஜீவனாம்சம் கேட்பது, அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததை ரத்து செய்வது போன்றவற்றுக்கு. வாடகைக்காரரை அதில் கொண்டு போனால் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், மாதங்கள் வீணாகும்.

இலவச வக்கீல் விஷயத்தில் உங்களுக்கு வருமானக் கணக்கு. வாடகை 78,000, கூட ஓய்வூதியம், இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 3 லட்சத்துக்குள் என்றால் உண்டு. சென்னையில் வாடகை வழக்குகள் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடக்கின்றன.

வைகைக்கரை

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது ஒத்தி. அம்மாவின் ஆபரேஷனுக்காக அப்பா வீட்டை 3 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டார், மூன்று வருடம் என்று பேச்சு. வாடகை கிடையாது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வீட்டை விடுவார்கள். இப்போது நாங்கள் பணம் புரட்டிவிட்டோம், அவர்கள் 5 லட்சம் கொடுத்தால்தான் போவோம் என்கிறார்கள். வெள்ளைத்தாளில் ஸ்டாம்ப் ஒட்டி எழுதியது, பதியவில்லை. அப்பா கூலி வேலை. நாங்கள்தான் வீட்டுக்காரர்கள், ஆனால் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

நீதிமன்றவாசல்

தம்பி, இது மதுரையில் நிறைய நடக்கிறது. ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் வாடகை அல்ல, அனுபவ பாத்தியதை அடமானம், அதாவது பணம் திரும்பும்வரை அவர்கள் வீட்டை அனுபவிக்கிற அடமானம், அப்படிப்பட்ட அடமானம் பதிந்தால்தான் செல்லும். அதனால் உங்கள் தாளை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதை அந்தத் தாளை வாசித்த வக்கீல்தான் சொல்ல முடியும், நான் இங்கிருந்து சொன்னால் தப்பாகிவிடும். ஆனால் இது வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் விஷயமாகத் தெரியவில்லை, யாராவது அப்படி மனு எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

இலவச உதவி உங்களுக்கும் உண்டு, அப்பாவின் வருமானத்தைப் பொறுத்து. வீடு அம்மா பேரில் இருந்தால் அதுகூடப் பார்க்க வேண்டாம். பத்திரம் யார் பேரில்?

வைகைக்கரை

அம்மா பேரில்தான் அண்ணா! தாத்தா கொடுத்த சீர். இது இவ்வளவு முக்கியம் என்று நினைக்கவே இல்லை.

நீதிமன்றவாசல்

அப்படியென்றால் அம்மாவே மனுதாரர். அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள், நடக்க முடியாது என்றால் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய 3 லட்சத்தை மட்டும் வேறெதற்கும் எடுத்துவிடாதீர்கள். பணம் தயாராக இருக்கிறது என்று வங்கிக் கணக்கைக் காட்ட முடிவது உங்கள் பெரிய பலம்.

மேட்டூர்_தம்பி

ஒரு சந்தேகம், கிண்டலாகக் கேட்கவில்லை. இலவசமாக வரும் வக்கீல் சரியாக வாதாடுவாரா? இல்லை ஏதோ பேருக்கு நின்றுவிட்டுப் போவாரா? அவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

இளம்_வழக்கறிஞர்

நானே ஆணைக்குழுவின் இலவச வக்கீல்கள் பட்டியலில் இருப்பதால் உள்ளதைச் சொல்கிறேன். எங்களுக்கு ஆணைக்குழு மதிப்பூதியம் கொடுக்கிறது, வெளியே வாங்குவதை விடக் குறைவு, அது வருவதற்கும் நாளாகும். அதனால் சிலர் கவனம் குறைவாக இருப்பதும் உண்டு. வழக்கு தேதிக்கு வராமல் வாய்தா வாங்குபவர்களை நானும் பார்த்திருக்கிறேன், வேதனையாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஒரு வாய்தாவுக்காக எதிரில் இருப்பவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். அதே பட்டியலில் என்னை விடப் பல மடங்கு உழைக்கிற மூத்தவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது இவ்வளவு. ஒதுக்கப்பட்ட வக்கீல் சரியில்லை என்றால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்லலாம். செயலாளர் என்பவர் ஒரு நீதிபதி, சார்பு நீதிபதி நிலையில் இருப்பவர், சும்மா குமாஸ்தா இல்லை. நீதிமன்றக் கட்டணம், நோட்டீஸ் செலவு, நகல் செலவு எதுவும் உங்கள் தலையில் விழக் கூடாது. வக்கீலோ அவருடைய குமாஸ்தாவோ டீச்செலவு, பெட்ரோல் என்று நூறு ரூபாய் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், கேட்டதை அந்தச் செயலாளரிடமே சொல்லுங்கள். வெளியே வக்கீல் வைப்பவர்களுக்கும் ஒன்று: வரும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுவதற்கு இந்தியாவில் வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. அப்படிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனுக் கொடுத்தவர் எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாடகை ஒழுங்காக வருகிறது, ஆனால் அதிகம் கொடுக்க ஒருவர் வந்திருக்கிறார், இவரைக் கிளப்ப வேண்டும் என்று போனால் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம், அனுப்பவும் வேண்டும்.

கீழ்வீட்டுக்காரி

அப்போது எதிரில் இருக்கும் வாடகைக்காரரும் ஏழை என்றால்? அவருக்கும் அதே அலுவலகத்தில் வக்கீல் கொடுப்பார்களா?

நீதிமன்றவாசல்

கொடுப்பார்கள், தகுதி இருந்தால். இரண்டு பேருக்கும் இரண்டு தனித்தனி வக்கீல். அது சரியென்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு லைன் வீட்டில் வாடகை வாங்குகிற அம்மாவும் வாடகை கொடுக்கிற டெய்லரும் ஒரே ரேஷன் கடையில் நிற்பவர்கள்தானே. அதனால்தான் நான் அக்காவுக்கு முதலில் வழக்கு வேண்டாம் என்பேன். வழக்குக்கு முந்தைய சமரசம் என்று ஒன்று உண்டு, ஆணைக்குழுவே இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும். உடன்பாடு ஆனால் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில் வைத்து உத்தரவாக்கிவிடலாம். அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அவர் மீறினால் புதிதாக வழக்குப் போட வேண்டாம், நேரே நிறைவேற்று மனுப் போடலாம். வெறும் வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிட்டால் இந்தப் பலம் கிடைக்காது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லைன்வீட்டு_அக்கா

(ஐந்து வாரம் கழித்து)

எல்லோரும் கேட்டதால் எழுதுகிறேன். போனேன். மகளையும் அழைத்துப் போனேன். வாசலில் யாரிடமும் பேசவில்லை. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் கொடுத்தார், மாதக் கணக்கு எழுதிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு இதைப் போல எல்லோரும் கொண்டு வந்தால் எங்களுக்கு வேலை சுலபம் என்றார். எனக்கு வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. மனு எடுத்துக்கொண்ட ஆறாவது நாள் போன் வந்தது.

வழக்கு வேண்டாம், பேச விரும்புகிறேன் என்று சொன்னேன். அவருக்கு நோட்டீஸ் போனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே என் கதவைத் தட்டினார், என்னக்கா என்னைக் கோர்ட்டில் ஏற்றிவிட்டீர்களே என்று. இது கோர்ட் இல்லை, பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், உங்களுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் கேட்கலாம் என்று நான் சொன்னேன். கீழ்வீட்டுத் தங்கச்சி கேட்டிருக்காவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

பேச்சில்தான் எல்லாம் வந்தது. அவர் மனைவிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன், ஊரில் வைத்துச் செய்திருக்கிறார்கள், வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ஒரே சுவர்தான் நடுவில், எனக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்தோம். இரண்டு மாதத்தில் காலி செய்துவிடுகிறேன் என்றார். 32,000-இல் அட்வான்ஸ் 10,000 கழித்து 22,000. அதில் 10,000 வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், மகளுக்குக் கோபம். மீதி 12,000-ஐ மாதம் 2,000 வீதம் ஆறு மாதத்தில் தர வேண்டும். காலி செய்யும் வரையுள்ள இரண்டு மாதத்துக்கு வாடகை தனி. லோக் அதாலத்தில் வைத்துக் கையெழுத்தானது. எனக்கு ஒரு பைசா செலவில்லை, பஸ் கட்டணம் தவிர.

இளம்_வழக்கறிஞர்

நல்லது அக்கா. உத்தரவின் நகலை வாங்கிவிட்டீர்களா? லேமினேஷன் செய்யாதீர்கள், மடிக்காமல் ஒரு ஃபைலில் வையுங்கள். தவணை வரும்போதெல்லாம் அவருக்கு ரசீது கொடுங்கள், அது அவருக்கும் பாதுகாப்பு.

வைகைக்கரை

அம்மாவை அழைத்துப் போனோம். மனு எடுத்துக்கொண்டார்கள், வக்கீல் ஒதுக்கியிருக்கிறார்கள், ஒரு பெண் வக்கீல், தாளை முழுவதும் இரண்டு தடவை படித்தார். சமரசப் பேச்சுக்கு அவர்கள் முதல் தடவை வரவில்லை. வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குப் பயம்தான், ஆனால் 5 லட்சத்துக்காக அப்பா இன்னொரு கடன் வாங்கப் போவதை நிறுத்திவிட்டோம்.

மொட்டைமாடி

நான் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. மாடிக்குப் போய் அவரிடமே பேசினேன், ஒப்பந்தம் எழுதிப் பதியலாம் என்றேன், உடனே சரி என்றுவிட்டார். பத்து வருடமாக நான்தான் கேட்கவில்லை.

லைன்வீட்டு_அக்கா

(மூன்று மாதம் கழித்து)

அவர்கள் சொன்ன தேதிக்கு நான்கு நாள் தள்ளிக் காலி செய்தார்கள். ஊருக்குப் போகவில்லை, இரண்டு தெரு தள்ளி 2,500-க்கு ஓர் அறை பார்த்திருக்கிறார். அந்த இரண்டு மாத வாடகை வந்துவிட்டது. மூன்று தவணை வந்தது, மூன்றாவது பத்து நாள் தாமதம், ஆனால் முந்தின நாளே போன் செய்து சொன்னார்.

வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, புதிதாக ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. இந்தத் தடவை பதியலாம் என்று இருக்கிறேன். அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்? பத்து மாதம் வாங்கச் சொல்கிறார்கள், அப்போதுதான் ஏமாற்ற மாட்டார்களாம்.

இளம்_வழக்கறிஞர்

மூன்று மாத வாடகைதான் சட்டம் சொல்லும் அளவு. உங்களுக்கு 12,000. அதையும் செலவழிக்காமல் தனியாக ஒரு கணக்கில் போட்டு வையுங்கள் அக்கா, அவர்கள் காலி செய்யும்போது பாக்கி, சேதாரம் கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டியது. ஒப்பந்தத்தில் மின் கட்டணம் யார், தண்ணீர் வரி யார், செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய யார் என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள், பாதிச் சண்டை அதில்தான் வருகிறது. இரண்டு பேரின் ஆதார் நகலும் தேவைப்படும். இ-சேவை மையத்தில் ஏற்றிக் கொடுப்பார்களா என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

கீழ்வீட்டுக்காரி

அக்கா, வீடு இன்னும் யாருக்கும் பேசி முடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள். என் தங்கை குடும்பம் திருப்பூர் வருகிறது, வேலை கிடைத்திருக்கிறது. பதிந்தே இருப்பார்கள்.

லைன்வீட்டு_அக்கா

இன்று சாயங்காலம் வரை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நம்பரைத் தனியாக அனுப்பு தங்கச்சி. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடு.